முனைப்புள்ளி வருகிறது, முனைத்திசை வரமாட்டேன் என்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரியல் திட்டமிடலில் முனைப்புள்ளிகளைப் படம் போட்டே எடுத்துவிடுகிறேன், முனைத்திசைகளை எப்படி எடுப்பது, அவற்றால் என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறீர்கள். புதியவர்களுக்கு ஒரு வரி: நேரியல் திட்டமிடல் (லீனியர் புரோகிராமிங்) என்பது நேர்க்கோட்டுக் கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஒரு அளவைப் பெரிதாகவோ சிறிதாகவோ ஆக்குகிற கணக்கு; எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்ட புள்ளிகள் சேர்ந்தது பகுதி, அதன் மூலைகள் முனைப்புள்ளிகள், அது முடிவில்லாமல் நீண்டால் அந்த நீட்சியின் ஓரத் திசைகள் முனைத்திசைகள். எம்.எஸ்சி. கணிதமாக இருக்க வேண்டும், செமஸ்டர் நெருங்கியிருக்க வேண்டும், வகுப்பில் முனைப்புள்ளிக்கு ஒரு முழுப் பாடவேளையும் முனைத்திசைக்கு ‘சிமிலர்லி’ என்று ஒரு வரியும் கிடைத்திருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. இங்கே ஏற்கெனவே ஒருவர் “இதெல்லாம் பரீட்சையோடு சரி, வேலையில் யாரும் கேட்கமாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கணக்கு. எக்ஸ் − ஒய் ≤ 3, −2 எக்ஸ் + ஒய் ≤ 2, எக்ஸ் + ஒய் ≥ 2, அப்புறம் வழக்கம்போல இரண்டும் 0-க்குக் குறையக்கூடாது. மொத்தம் 5 எல்லைக்கோடுகள். இரண்டு மாறிகள் என்பதால் இரண்டிரண்டாகச் சமமாக்கித் தீர்க்க வேண்டும், 10 ஜோடிகள் வரும். தீர்த்ததும் மற்ற கட்டுப்பாடுகளில் போட்டுப் பார்த்துத் தேறாததைக் கழித்துவிடுங்கள். (−5, −8), (2.5, −0.5), (0, −3), (−1, 0), (0, 0) என ஐந்து ஜோடிகள் அடிபடும். மீதி ஐந்தில் (3, 0) ஒரு முறை, (2, 0) ஒரு முறை, (0, 2) மட்டும் மூன்று முறை வரும், ஏனென்றால் அந்த இடத்தில் மூன்று கோடுகள் சேர்ந்து போகின்றன. அதை மூன்று புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள், முனைப்புள்ளிகள் மூன்றுதான்: (2, 0), (3, 0), (0, 2).

இப்போது திசை. பகுதிக்குள் எந்தப் புள்ளியில் நின்றாலும் இந்தப் பக்கமாக எவ்வளவு தூரம் போனாலும் வெளியே விழமாட்டோம் என்றால் அதுதான் திசை. அதற்கு வலப்பக்க எண்களை எல்லாம் 0 ஆக்கிவிட்டு அதே கட்டுப்பாடுகளை எழுதினால் போதும், சமன்பாடாக இருந்தது சமன்பாடாகவே இருக்கட்டும். நம் கணக்கில் திசையின் இரண்டாம் கூறு (ஒய் பக்கம் நகர்வது) முதல் கூறைவிட (எக்ஸ் பக்கம் நகர்வது) குறையக்கூடாது, அதன் இரண்டு மடங்கைத் தாண்டவும் கூடாது என்று வரும். இது ஒரு கூம்பு. இதில் நீளத்துக்கு அர்த்தம் இல்லை, (1, 1)-ம் (7, 7)-ம் ஒரே திசைதான், ஆகவே இரண்டு கூறுகளின் கூட்டல் 1 என்று ஒரு சமன்பாட்டைச் சேர்த்துக்கொண்டு, கிடைக்கிற சிறிய பகுதிக்கு மறுபடி முனைப்புள்ளி கண்டுபிடியுங்கள். (1/2, 1/2), (1/3, 2/3) வரும். இவைதான் முனைத்திசைகள். உங்களுக்குத் தெரிந்த வேலையையே இரண்டாவது தடவை செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

பலர் இரண்டு முனைப்புள்ளிகளைக் கழித்து அதைத் திசை என்று எழுதிவிடுகிறார்கள். (2, 0)-இலிருந்து (3, 0)-க்குப் போகிற விளிம்பு (3, 0)-இலேயே முடிந்துவிடுகிறது, அது திசை ஆகாது. எல்லாப் பக்கமும் அடைபட்ட பகுதிக்குத் திசையே கிடையாது.

பகுதியின் எந்தப் புள்ளியையும் முனைப்புள்ளிகளின் குவிச்சேர்க்கை (மொத்தம் 1 ஆகும் குறையல்லாத பங்குகளில் கலப்பது), அதோடு முனைத்திசைகளின் குறையல்லாத மடங்குகள் என்று எழுதலாம் என்பது தேற்றம். (4, 6) என்பது (0, 2) கூட்டல் 4 தடவை (1, 1). வேறு விதமாகவும் எழுதலாம், ஒரே வழிதான் என்று தேற்றம் எங்கும் சொல்லவில்லை. (1/2, 1/2)-க்குப் பதில் (1, 1) என்று எழுதியதற்காக எனக்கு மதிப்பெண் குறைத்தார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று எந்த வாத்தியாருக்கும் தெரியும். விடைத்தாள் நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு இன்னொரு கட்டணம், தவறு அவர்களுடையது என்று தெரிந்தாலும் முதலில் காசைக் கட்டுவது நாம்தான். மதிப்பெண் கூடி வந்தது. கூடவே மன்னிப்புக் கடிதமா வரும், அதெல்லாம் வராது. சரி, அது வேறு கதை.

படித்து முடித்து நான் போய்ச் சேர்ந்தது நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில். முட்டைக்கோழித் தீவனம் என்பது சுத்தமான நேரியல் திட்டமிடல் கணக்கு. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல் பொடி என்று சாமான்கள். புரதம் இவ்வளவுக்குக் குறையக்கூடாது, ஓடு கெட்டியாக இருக்க கால்சியம் இவ்வளவு வேண்டும், நார்ச்சத்து இவ்வளவைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடுகள். மொத்தம் 1000 கிலோ. செலவு குறைய வேண்டும். எக்செல்லில் இந்த மாதிரிக் கணக்கைத் தீர்த்துத்தரும் சால்வரை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மொத்த எடை கட்டப்பட்டிருப்பதால் அந்தப் பகுதி எல்லாப் பக்கமும் அடைபட்டது, திசை என்ற பேச்சே எழாது.

புண்ணாக்கு லாரி கணக்கில் வந்து இறங்கும், சுற்றுவட்டாரச் சின்னப் பண்ணைக்காரர்கள் வந்து கொஞ்சம் கேட்டு வாங்கிப் போவார்கள், சோளத்துக்கும் அப்படித்தான். அதையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார் முதலாளி. ஆகவே இந்த இரண்டு சாமானுக்கும் வாங்குவது என்று ஒரு மாறி, விற்பது என்று ஒரு மாறி; வாங்கியது = தீவனத்தில் போட்டது + விற்றது. கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒருநாள் சால்வர் ‘ஆப்ஜெக்டிவ் செல் வேல்யூஸ் டு நாட் கன்வெர்ஜ்’, அதாவது செலவு எந்த எண்ணிலும் வந்து நிற்கவில்லை, என்று சொல்லிவிட்டு நின்றது. மறுபடி ஓட்டினாலும் அதே. வைரஸ் என்றார் ஒருவர், எக்செல்லுக்கு இவ்வளவு கணக்கு தாங்காது, நல்ல சாஃப்ட்வேர் வாங்குங்கள் என்று விலைப்பட்டியலோடு வந்து நின்றார் இன்னொருவர்.

சால்வர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும். ஒரு தாளில் வலப்பக்கத்தை எல்லாம் 0 ஆக்கி எழுதினேன். தீவனத்தில் போடும் சாமான்களின் மொத்தம் 0, எதுவும் 0-க்குக் கீழே போகக்கூடாது, அப்படியானால் அத்தனையும் தனித்தனியாக 0. மீதி என்ன? வாங்கியது = விற்றது. சோளத்துக்கு ஒன்று, புண்ணாக்குக்கு ஒன்று, மொத்தமே இரண்டு முனைத்திசைகள்: ஒரு கிலோ வாங்கு, ஒரு கிலோ விற்றுவிடு. குறைந்தபட்சச் செலவு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் எந்த முனைத்திசையிலும் செலவு குறை எண்ணாக வரக்கூடாது. சோளத்தில் சரியாக இருந்தது. புண்ணாக்கில் சந்தை இறங்கியிருக்கிறது, வாங்கும் விலையை மாற்றியவர்கள் விற்கும் விலையைப் பழையபடி விட்டிருக்கிறார்கள், கிலோவுக்கு இரண்டு ரூபாய் லாபம். எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் எவ்வளவு விற்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு எங்கும் இல்லை.

முதலாளியிடம் தாளைக் காட்டினேன். “ஏந்தம்பி, அப்ப கம்ப்யூட்டரு என்ன சொல்லுதுன்னா, மில்ல மூடிப்போட்டு புண்ணாக்கு யாவாரத்துக்குப் போகச் சொல்லுதா?” என்றார். அதேதான் சொன்னது! விலையைத் திருத்தினோம், விற்பனைக்கு ஒரு வரம்பும் போட்டோம், விலை மறுபடி மாறினாலும் இப்படி ஓடாது. விலைப்பட்டியலோடு வந்தவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இதைப் படித்துவிட்டு விலையைச் சரிபார்த்திருந்தாலே போதுமே, முனைத்திசை எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். எந்த விலையை? அந்தத் தாளில் அத்தனை எண்கள் இருந்தன, அதில் இரண்டே இடத்தைப் பார்த்தால் போதும் என்று சொன்னது அந்தக் கூம்புதான். இன்னொன்று, மாறிகள் குறை எண் ஆகலாம் என்றால் நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. ஒய் மட்டும் 0-க்கும் 1-க்கும் நடுவே, எக்ஸ் எதுவாகவும் இருக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கும் பட்டை அது, அதற்கு முனைப்புள்ளியே கிடையாது. பேராசிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம், தெரிந்துதான் விட்டேன்.

கையால் எல்லா ஜோடியையும் தீர்ப்பது சின்னக் கணக்குக்குத்தான். 20 மாறி, அவை குறையக்கூடாது என்பதோடு இன்னும் 20 கட்டுப்பாடு என்றால் 40-இல் 20 எடுக்க வேண்டும், 13,784 கோடிக்கு மேல் வரும். 1947-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்சிக் கொண்டுவந்த சிம்ப்ளக்ஸ் முறை இவ்வளவையும் தேடாமல் ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறது, போகிற வழியில் திசையையும் காட்டிவிடும். அந்த முறையின் அட்டவணையில், உள்ளே வர வேண்டிய (இப்போது 0-ஆக இருந்து அடுத்துக் கூட்டப்போகிற) மாறியின் நெடுவரிசையில் ஒரு மிகை எண்கூட இல்லையென்றால் நிறுத்துங்கள். அந்த எண்களின் குறியை மாற்றி அடிப்படை மாறிகளுக்கு (அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் உரிய மாறிகளுக்கு) எழுதுங்கள், உள்ளே வருவதற்கு 1, மற்றவற்றுக்கு 0. மேலே உள்ள கணக்கில் (3, 0)-இல் நின்றுகொண்டு 3 எக்ஸ் − 2 ஒய்-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒய் உள்ளே வரப் பார்க்கும், அதன் நெடுவரிசையில் −1, −1, −2 இருக்கும், எக்ஸுக்கு 1, ஒய்க்கு 1 என்று அந்த (1, 1) வரும்.