எஸ்.டபிள்யூ.ஆர். (ரேடியோ அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2 என்று மீட்டர் காட்டினால் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. உங்கள் மீட்டர் ரேடியோவுக்குப் பக்கத்திலும், ஆன்டெனா நீண்ட கேபிளுக்கு அப்பால் கம்பத்தின் உச்சியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

கேபிளின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 50 ஓம், ஆன்டெனாவுக்கும் 50 ஓம் என்றால் வந்த ஆற்றலை ஆன்டெனா முழுதாக வாங்கிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். மீட்டரில் 3, அதாவது 3:1, என்றால் கால் பங்கு. எஸ்.டபிள்யூ.ஆர். சொல்வது அவ்வளவுதான். வாங்கியதை ஆன்டெனா அலையாக வீசுகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆன்டெனாவுக்குப் பதில் சோதனைக்காக மாட்டும் 50 ஓம் மின்தடையான டம்மி லோடும்தான் 1:1 காட்டும், எல்லாவற்றையும் வெப்பமாக்கிவிட்டு!

நண்பர் ஒருவர், "எனக்கு 1.2, உங்களுக்கு 1.5" என்று பார்க்கும்போதெல்லாம் குத்திக்காட்டுவார். 145 மெகாஹெர்ட்ஸில் அவர் குரல்தான் யாருக்கும் சரியாகக் கேட்காது. பொறுக்க முடியாமல் கம்பத்தில் ஏறி கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே மழைநீர் இறங்கி, செம்புப் பின்னல் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கேபிளை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டு இறங்கி வந்து, குறைந்த திறனில் ஒரு நொடி அனுப்பச் சொன்னேன். ஆன்டெனாவே இல்லை, மீட்டர் அப்போதும் 1.2 காட்டியது! அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கணக்கு எளிது. கெட்டுப்போன கேபிளில் ஒருவழி இழப்பு 10 டெசிபல், அதாவது பத்தில் ஒரு பங்குதான் மறுமுனை சேரும் என்றால், 10 வாட் அனுப்பினால் மேலே சேர்வது 1 வாட். அது முழுவதும் திரும்பினாலும் கீழே வந்து சேர்வது 0.1 வாட்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டர் நற்சான்றிதழ் கொடுத்தது.

"கேபிள் நீளத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறாது" என்று பாடம் எடுக்க யாராவது வருவார்கள். இழப்பே இல்லாத கேபிளில் மாறாது, ஐயா. அப்படியொரு கேபிள் உங்களிடம் இருந்தால் எனக்கும் கொஞ்சம் வெட்டிக் கொடுங்கள். குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டது என்றும் நான் சொல்லவில்லை.

   

உங்கள் மீட்டரை ஆன்டெனாவின் அடியிலேயே மாட்டி அளந்து பாருங்கள். மேலே 3, கீழே 1.2 என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். ஆன்டெனாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.