கடையில் அவரை மட்டும் தொடர்ந்தார்கள், என்னை விட்டுவிட்டார்கள்

கேள்வி: நியூயார்க் நகரில் முதுகலை படிக்கிறேன். என் அறைத்தோழர் கருப்பின மாணவர். போன வாரம் இருவரும் ஒரு துணிக்கடைக்குப் போனோம். இருவர் முதுகிலும் ஒரே மாதிரிப் பை. காவலாளி அவர் பின்னாலேயே சுற்றினார். பணம் கட்டி வெளியே வந்ததும் அவரிடம் மட்டும் ரசீது கேட்டார். அடுத்த தெருவில் போலீஸும் அவரை நிறுத்தியது. நான் வாயடைத்து நின்றேன். இதற்கு என்ன செய்யலாம்?

பதில்: வாயடைத்து நின்றதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே வலுவான சாட்சியம் இருக்கிறது: ‘ஒரே மாதிரிப் பை.’ எல்லோரையும்தான் கண்காணிக்கிறோம் என்று கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். அதே நேரத்தில் அதே பையோடு நடந்த உங்களை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லையே, அந்தப் பதில் எப்படி நிற்கும்?

ஆகவே இன்றே எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், காவலாளி எதுவரை பின்னால் வந்தார், ரசீது கேட்டபோது என்ன வார்த்தை சொன்னார். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ரசீதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவை அழிக்கக் கூடாது என்று உங்கள் தோழர் கடைக்கு உடனே எழுதட்டும். நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்யப் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. கேமராப் பதிவு அதுவரை காத்திருக்காது.

புகார் செய்து என்ன ஆகப்போகிறது என்று அவர் சலித்துக்கொண்டால் பார்னீஸ் விவகாரத்தைச் சொல்லுங்கள். அந்த நியூயார்க் அங்காடியில் சுமார் 350 டாலருக்கு பெல்ட் வாங்கிய கருப்பினக் கல்லூரி மாணவர் ஒருவர், வெளியே வந்ததும் காவலர்கள் தன்னைப் பிடித்து விசாரித்ததாக 2013-ல் வழக்குத் தொடுத்தார். மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். 2014-ல் அந்த நிறுவனம் 5,25,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அடுத்தது போலீஸ். ஒருவரை நிறுத்திவைக்க, இன்ன காரணம் என்று எடுத்துச் சொல்லக்கூடிய சந்தேகம் வேண்டும் என்பது 1968-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. தோலின் நிறம் அத்தகைய காரணம் ஆகாது. ஆனாலும் 2011-ல் மட்டும் நியூயார்க் போலீஸ் 6,85,000 முறைக்கு மேல் ஆட்களை நிறுத்தியது. பத்தில் ஒன்பது பேர் அளவில் எந்த வழக்கும் இல்லாமல் போனார்கள். அந்த அவமானத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்? 2013-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசமைப்புக்கு முரணானது என்றது.

மீண்டும் நிறுத்தினால் அவர் கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, ‘நான் போகலாமா?’ என்று கேட்கட்டும். பையைத் திறக்கச் சொன்னால், ‘சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை’ என்று நிதானமாகச் சொல்லட்டும். கையால் மட்டும் தடுக்கவே கூடாது. கைது செய்யாமல் விட்டால், பெரும்பாலான சமயங்களில் நகரக் காவலர் தன் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுக்க வேண்டும். 2018 முதல் இது சட்டம்.

நீங்கள் சில அடி தள்ளி நின்று செல்போனில் படம் பிடிக்கலாம். 2020 முதல் மாநிலச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. குறுக்கே போய் வாதாடாதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒரு கைதே பெரிய சிக்கலாகலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக அவரிடம் பேசுங்கள். புகார் செய்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. ‘நான் பார்த்தேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்’ என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.