‘மெரி கிறிஸ்மஸ், மிஸ்டர் லாரன்ஸ்’ படத்தில் ஜப்பானியக் காவலர்கள் கைதிகளை ஏன் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்?

போர்க்கைதி என்றால் எதிரியிடம் உயிரோடு சிக்கிய சிப்பாய், அவ்வளவுதான். நகிசா ஓஷிமா 1983-இல் எடுத்த இந்தப் படம் நடப்பது 1942-இல், ஜாவாவில் ஜப்பானியர் நடத்திய போர்க்கைதி முகாம் ஒன்றில். பிரிட்டிஷ்காரரைப் பொறுத்தவரை, சரணடைவது போரில் நேரக்கூடிய ஒன்று. ஜப்பானியச் சிப்பாய்க்கோ, உயிரோடு பிடிபடும் அவமானத்துக்கு ஆளாகாதே என்று 1941-இல் வந்த ராணுவ நடத்தை விதியே சொன்னது. அதனால்தான் முகாம் காவலன் சார்ஜென்ட் ஹாரா, நீ ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறாய் என்று பிரிட்டிஷ் கைதி லாரன்ஸிடம் கேட்கிறான். வெறும் கிண்டல் இல்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் விதி மாறுவது மாதிரிதான்: செஸ்ஸில் தோல்வி தெரிந்ததும் கைகுலுக்கி எழுந்துவிடலாம். கபடியில் பாதியில் அப்படிச் செய்தால் ஊரே சிரிக்கும்.

அப்புறம், கைதிகளை இப்படி இளக்காரமாகப் பார்ப்பது ஜப்பானியரின் ஆதிகாலக் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் பிடிபட்ட ரஷ்யர்களை ஜப்பானின் மாட்சுயாமா நகரில் அவர்கள் நன்றாகவே நடத்தினார்கள்.