அணியை விடவும் முடியவில்லை, ஆதரிக்கவும் முடியவில்லை!

கேள்வி: 1988 முதல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வசிக்கிறேன். வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அன்று முதல் பைரேட்ஸ் அணியின் ரசிகன். தொடர்ந்து தோற்ற காலத்திலும் கைவிட்டதில்லை. இப்போது பால் ஸ்கீன்ஸ் என்ற அபூர்வமான பந்துவீச்சாளர் கிடைத்திருக்கிறார். ஆட்டங்கள் நடக்காத இந்தக் குளிர்காலத்திலாவது அடித்து ஆடக்கூடிய இருவரை வாங்குவார்கள் என்று நவம்பரிலிருந்து காத்திருக்கிறேன். 2025 ஜனவரி முடியப் போகிறது, சொல்லிக்கொள்ளும்படி யாரும் வரவில்லை. இரவு ஒரு மணி வரை கைபேசியில் செய்தி தேடுகிறேன். மனைவி என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் மகன் டாட்ஜர்ஸ் ரசிகனாகிவிட்டான். என்னையும் அணி மாறச் சொல்கிறான். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் படிவம் மேசையில் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். புதுப்பிக்காதீர்கள். அணி மாறவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் விசித்திரமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

இங்கே பெரும்பாலோருக்கு கிரிக்கெட்தான் பழக்கம் என்பதால் அவர்களுக்காக ஒரு விளக்கம். ஐபிஎல் அணிகள் ஆட்டக்காரர்களுக்குச் செலவிட ஒரே உச்சவரம்புதான். 2025 சீசனுக்கு அது ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய். அமெரிக்க பேஸ்பாலில் உச்சவரம்பு இல்லை. ஓர் அளவைத் தாண்டினால் வரி விதிப்பார்கள். வசதி உள்ளவர்கள் கட்டிவிட்டுத் தாண்டுகிறார்கள். இவ்வளவாவது செலவு செய்தாக வேண்டும் என்ற கீழ்வரம்பும் இல்லை. உங்கள் வயிற்றெரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போன டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஹுவான் சோட்டோ என்ற ஒருவருக்கு மட்டும் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2025 ஜனவரி வரை பைரேட்ஸ் போட்டதிலேயே பெரிய ஒப்பந்தம் 2023-இல் பிரையன் ரெனால்ட்ஸுக்கு: எட்டு ஆண்டுகளுக்கு 10 கோடியே 67.5 லட்சம் டாலர். அதற்காக உங்கள் அணியின் முதலாளி பாப் நட்டிங் நஷ்டத்தில் தவிக்கிறார் என்று யாரும் இரங்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. குறைவாகச் சம்பாதிக்கும் அணிக்கு அதில் ஆதாயம். தேசியத் தொலைக்காட்சிப் பணம் தனி. தோற்றாலும் வரவு வரும், அணியின் சந்தை மதிப்பும் ஏறும். அந்தப் பங்கீட்டுப் பணத்தை முறையாகச் செலவிடவில்லை என்று ஆட்டக்காரர் சங்கம் 2018-இல் நான்கு அணிகள்மீது புகார் கொடுத்தது. பைரேட்ஸ் அதில் ஒன்று. இந்த மாதம் நடந்த ரசிகர் விழாவில் ‘அணியை விற்றுவிடு’ என்று கூட்டம் குரல் எழுப்பியது சும்மா இல்லை.

ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் குற்றத்தை முழுக்கப் பணப்பையின் மேலேயே போடுகிறீர்களே, அதை நான் ஏற்கவில்லை. உங்கள் அணி ஆடும் பிரிவிலேயே மில்வாக்கி அணி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிட்ஸ்பர்க்கைவிடச் சிறிய சந்தை. 2021, 2023, 2024 என்று மூன்று முறை பிரிவில் முதலிடம் பிடித்தது. அவர்கள் ஆளைச் சரியாகப் பொறுக்குகிறார்கள், வந்தவனைத் தேற்றுகிறார்கள். பைரேட்ஸோ 2018-இல் கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பந்துவீச்சாளருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் மூவரையும் தூக்கிக் கொடுத்தது. 2021-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்த ஹென்றி டேவிஸ் இன்னும் மட்டையோடு தடுமாறுகிறார். நாளைக்கே ஒரு புது முதலாளி பெட்டி நிறையப் பணத்தோடு வந்தாலும் இந்தப் பழக்கம் மாறாவிட்டால் நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டு மட்டும் ஏன் தூக்கம் கெடுகிறது என்பதும் புரிகிறது. ஸ்கீன்ஸ் 2024-இன் சிறந்த புதுமுகம். அந்த விருதால் அவருக்கு ஒரு முழு ஆண்டு பணிக்கால வரவும் (அணி மாறும் உரிமைக்கு எண்ணப்படும் காலம்) கிடைத்துவிட்டது. 2029 சீசன் முடிந்ததும் எந்த அணிக்கும் போகலாம். ஒவ்வொரு வெற்றுக் குளிர்காலமும் அந்தக் கணக்கிலிருந்து ஓர் ஆண்டைத் தின்கிறது. உங்கள் தலைமுறைக்கு இது பழைய காயம். 1992 அக்டோபரில் அட்லாண்டாவில், இறுதித் தொடருக்கு முந்தைய சுற்றின் ஏழாவது ஆட்டம். இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் இறுதித் தொடர். பைரேட்ஸின் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸ் இடப்புற மைதானத்திலிருந்து எறிந்த பந்து வந்து சேர்வதற்குள், அட்லாண்டாவின் முழங்கால் தேய்ந்த சிட் பிரீம், அவர் முன்னாள் பைரேட்ஸ்காரர், சறுக்கிக்கொண்டு வந்து வெற்றி ரன்னை எடுத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார். பிறகு இருபது சீசன்கள் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம்.

அதையெல்லாம் தாங்கியவர் நீங்கள். அணி மாற வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். அந்த இருபது சீசன்களுக்குப் பிறகு பைரேட்ஸ் முதல் முறையாக நாக்அவுட் ஆட்டம் ஆடிய 2013 அக்டோபர் 1 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டை. எதிரணிப் பந்துவீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை நாற்பதாயிரம் பேர் ‘குவே...ட்டோ’ என்று ராகம் இழுத்துக் கேலி செய்ய, அவர் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. அடுத்த பந்தை பைரேட்ஸின் ரஸல் மார்ட்டின் ஹோம் ரன்னாக, நம் சிக்ஸர் மாதிரி, அடித்தார். டாட்ஜர்ஸ் பத்து முறை கோப்பை வென்றாலும் உங்களுக்கு அப்படி ஓர் இரவு வாய்க்காது. அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். மகனை ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் வாழும் ஊரின் அணியை அவர் பிடித்துக்கொண்டார், நீங்கள் 1988-இல் செய்ததுபோல.

அணி உங்களுடையது, வியாபாரம் நட்டிங்குடையது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் கொடுப்பதைக் குறைக்கலாம். ஜனவரியிலேயே மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டால் ஆளை வாங்கும் அவசரம் அவர்களுக்கு ஏன் வரப்போகிறது? ஸ்கீன்ஸ் வீசும் நாள்களாகப் பார்த்துத் தனி டிக்கெட் எடுங்கள். மற்ற நாள் வானொலி போதும்.

மனைவி விஷயத்தில் என் அனுதாபம் முழுவதும் அவருக்கே. உணவு மேசையில் ஒரே முதலாளியை எத்தனை ஆண்டுதான் திட்டக் கேட்பார்? இரவு ஒரு மணிக்கு நீங்கள் தேடுவதில் பாதி செய்தியே அல்ல. ஆட்டக்காரர்களின் முகவர்கள் விலை ஏற்றக் கிளப்பிவிடும் புரளி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முறை பாருங்கள். உண்மையாகவே யாரையாவது வாங்கினால் ஞாயிறு வரை அவர் எங்கும் ஓடிவிட மாட்டார். விதிகள் மாறி எல்லாம் சரியாகும் என்றும் இப்போதைக்குக் காத்திருக்காதீர்கள். அணிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரை உயிரோடு இருக்கிறது. அதன் பிறகும் சண்டை நடக்கும் என்பதுதான் என் கணிப்பு.

கோடை வந்ததும் மனைவியோடு ஒரு மாலை அல்டூனாவுக்குப் போய் வாருங்கள். கிழக்கே சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணம். பைரேட்ஸின் இளைஞர்கள் அங்கே இருக்கும் துணை அணியில்தான் ஆடிப் பழகுகிறார்கள். அந்த அணியின் முதலாளி வேறு, டிக்கெட்டும் மலிவு. வலப்புற வேலிக்கு அப்பால் பழைய மர ரோலர் கோஸ்டர் ஒன்று நிற்கும். ஆட்டம் அலுத்தால் அவர் அதையாவது பார்க்கலாம். அடுத்து யார் மேலே வருவார் என்பதை இரவு நேரச் செய்தியைவிட அங்கே தெளிவாகத் தெரிந்துகொள்வீர்கள்.

அட்டவணைப்படி டாட்ஜர்ஸ் செப்டம்பர் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் வருகிறது. மகனை வரச் சொல்லுங்கள். இருவரும் அவரவர் தொப்பியில் போய் உட்காருங்கள். டிக்கெட்டை அவரே எடுக்கட்டும். காசை வாரி இறைக்கும் அணியின் ரசிகர் அவர்தானே.