பஸ் இரைச்சலுக்கு இயர்பட்ஸ்: அட்டையில் இருப்பது எந்த மூன்று எழுத்து?

கேள்வி: காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்கு தினமும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். பஸ் இரைச்சலில் பாட்டு கேட்க வால்யூமை முழுக்க வைக்க வேண்டியிருக்கிறது, காது வலிக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது தூங்கவும் முடியவில்லை. கடையில் 1,200 ரூபாய்க்கு ஒரு இயர்பட்ஸைக் காட்டி, ‘இ.என்.சி. இருக்கு, வெளிச் சத்தமே கேட்காது’ என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அதை வாங்காதீர்கள். இ.என்.சி. என்பது உங்கள் காதுக்கானதே அல்ல. நீங்கள் போனில் பேசும்போது சுற்றியுள்ள இரைச்சலை வடிகட்டி, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக அனுப்புவதுதான் அதன் வேலை. பலன் அவருக்கு. உங்களுக்குப் பஸ் இரைச்சல் இருந்தபடியே இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ஏ.என்.சி., அதாவது ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன். இதில் இயர்பட்டின் வெளிப்புறத்தில் உள்ள மைக் இரைச்சலைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடும். இரண்டும் மோதி அடங்கும். காதுக்குள் பார்க்கும் இன்னொரு மைக்கும் இருந்தால் அதை ஹைப்ரிட் என்பார்கள். வாங்கினால் ஹைப்ரிட் வாங்குங்கள்.

இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தில்தான் மக்கள் காசை விடுகிறார்கள். போட் ஏர்டோப்ஸ் 141 என்றொரு மாடல், ஏர்டோப்ஸ் 141 ஏ.என்.சி. என்று இன்னொரு மாடல். முதலாவதில் ஏ.என்.சி. கிடையாது. ஒன்பிளஸ் நார்ட் பட்ஸ் 2-இல் உண்டு, 2ஆர்-இல் இல்லை. அவசரத்தில் விலை குறைவானதை எடுத்துக் கொடுத்துவிட்டு ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லும் கடைகளுக்குக் குறைவில்லை. ‘ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று மூன்று வார்த்தையும் அட்டையில் முழுதாக இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். வெறும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்றிருந்தால் நம்பாதீர்கள்.

ஏ.என்.சி. இருந்தாலும் எல்லாச் சத்தமும் போகாது. இன்ஜின் உறுமல், டயர் இரைச்சல், ஏ.சி., ஃபேன் என ஒரே சீராக வரும் கனத்த சத்தங்கள் நன்றாகக் குறையும். பக்கத்து சீட்டுப் பேச்சு, குழந்தை அழுகை, ஏர் ஹாரன் ஆகியவை உள்ளே வரும். அவை சட்டென்று மாறும் கீச்சுச் சத்தங்கள். எதிர் அலை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அவற்றைத் தடுப்பது காதை அடைக்கும் ரப்பர் டிப் மட்டும்தான். ஜன்னலோரக் காற்று நேரே அடித்தால் வெளி மைக் அதையும் பிடித்துக் காதுக்குள் தடதடவென்று கேட்கும். ஜன்னலை மூடுங்கள், அல்லது உள்பக்க சீட்டில் உட்காருங்கள்.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரி வருவதை முதலில் சொல்வது அந்தக் கனத்த உறுமல்தான், ஏ.என்.சி. அழிப்பதும் அதையேதான். பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே இரண்டு இயர்பட்டையும் கழற்றி கேஸில் போட்டுவிடுங்கள்.

அட்டையில் சத்தக் குறைப்பு ‘50 டெசிபல்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பது, ஏதோ ஒரு குறுகிய அலைவரிசையில் கிடைத்த உச்ச எண். எந்த இடத்தில், எப்படி அளந்தது என்று போடாமல் இப்படி எண்ணை மட்டும் அச்சடித்து விற்க விட்டிருப்பது எரிச்சலூட்டும் விஷயம். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் அது மின் பாதுகாப்புக்கான பதிவு. சத்தம் குறைகிறதா என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல.

அதனால் சோதனையை நீங்களே செய்யுங்கள். சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அடியில் நின்று, இரண்டு இயர்பட்டையும் போட்டு, பாட்டு எதுவும் ஓடாமல் ஏ.என்.சி.யை ஆன், ஆஃப் என்று நாலைந்து முறை மாற்றுங்கள். ஆன் செய்ததும் ஃபேனின் ‘ம்ம்’ என்ற சத்தம் அமுங்கி, ஆஃப் செய்ததும் திரும்பி வர வேண்டும். ‘நாய்ஸ் கேன்சலிங் ஆன்’ என்று குரல் மட்டும் வந்து வேறெதுவும் மாறவில்லையா? அது வெறும் அறிவிப்பு. ‘மாஸ்டர் காப்பி’, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று பெரிய கம்பெனி பெயரில் விற்பவற்றில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். போனில் அசல் போலவே படம் எழும்பும், கேஸ் அசல் போலவே இருக்கும், ஏ.என்.சி. மட்டும் பெரும்பாலும் இருக்காது. காப்பி என்றால் போலி. எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

டிப் விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். பெட்டியில் மூன்று அளவு இருக்கும். மாட்டி வருவது நடு அளவு. தாளம் கனமாக விழும் பாட்டைப் போட்டு, இயர்பட்டை விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது தாளம் கூடினால் அடைப்பு போதவில்லை, அடுத்த அளவை மாட்டுங்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று பொருந்துவதும் சகஜம். ரப்பர் டிப்பே இல்லாத மாடலை இந்த விலையில் எடுக்கவே வேண்டாம். அடைப்பு சரியாக இருந்தால் பாதி வால்யூமே பஸ்ஸில் போதும். இதில் உண்மையான லாபம் அதுதான். அதற்குப் பிறகும் காது வலித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கத்துக்கு மட்டும் நான் வேறு வழி சொல்வேன். இயர்பட்ஸே வேண்டாம், மெடிக்கல் கடையிலோ தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் கடையிலோ ஃபோம் இயர்பிளக் கேளுங்கள். சில பத்து ரூபாய்தான். அட்டையில் என்.ஆர்.ஆர். என்று, சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 29-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இது கனத்த சத்தத்தோடு பேச்சுச் சத்தத்தையும் குறைக்கும், சார்ஜ் வேண்டாம், சீட்டில் சாய்ந்தால் உறுத்தாது. சும்மா செருகினால் பிரயோஜனமில்லை. கை கழுவிவிட்டு, விரலிடையில் உருட்டி மெல்லிய குச்சி போலாக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, 30 விநாடி விரலால் தாங்குங்கள். அது உப்பி அடைத்துக்கொள்ளும். அழுக்கானால் தூக்கிப் போடுங்கள். காதில் சீழ், புண் இருந்தால் கூடாது. ஸ்டாப் தவறாமலிருக்க போன் அலாரத்தை வைப்ரேஷனில் வைத்துச் சட்டைப் பையில் போடுங்கள்.

பேட்டரி: ‘40 மணி நேரம்’ என்பது கேஸில் உள்ள சார்ஜையும் சேர்த்து, ஏ.என்.சி. இல்லாமல் கணக்கிட்டது. ஏ.என்.சி. போட்டால் ஒரு சார்ஜுக்கு நாலைந்து மணி நேரம் என்று எதிர்பாருங்கள். உங்கள் பயணத்துக்குப் போதும். உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும்.

1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் ஒழுங்கான ஏ.என்.சி. கிடைக்கிறது. மாடல் பெயர் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ‘கடை வாரண்டி’ என்று கையால் எழுதித் தரும் சீட்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் செல்லாது. வாங்கும் முன் கம்பெனி தளத்தில் கிருஷ்ணகிரி பின்கோடு 635001 போட்டு சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா, கொரியரில்தான் அனுப்ப வேண்டுமா என்று பாருங்கள். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், பெட்டியில் இருப்பதைக் கூப்பிடுங்கள். தேடலில் வரும் எண்ணில் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருந்து ஓ.டி.பி. கேட்பார்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் பொருளுக்காக ஷிப்டை விட்டுவிட்டு வாய்தாவுக்கு யார் அலைவார்கள் என்ற தைரியத்தில்தான் பல கடைகள் இப்படி நடக்கின்றன. பில்லும், 1915 புகார் எண்ணும் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று கேளுங்கள்.