கச்சான் காற்றைத் தாங்குமா உங்கள் ஊர் விளம்பரப் பலகை? – வாசகர் கேள்வி பதில்

பெயர்ப்பலகைகள், விளம்பரப் பலகைகள், பேனர்கள் ஆகியவற்றுக்கான விதிகளைப் பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த அளவில் விடை தருகிறேன்.

கேள்வி: 2023-ஆம் ஆண்டிலேயே மாநிலம் முழுவதற்கும் புதிய விதிகள் வந்துவிட்டன. அப்படியிருக்க, எங்கள் நகராட்சி விளம்பரப் பலகைகளுக்காகத் தனியாக எதையேனும் திருத்த வேண்டிய தேவை இருக்கிறதா? – வாசகர், இராமேசுவரம்

இருக்கிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, 2000-இல் நிறுத்திவைக்கப்பட்டு, பின்னர் திருத்தங்களோடும் விதிகளோடும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நகராட்சிகள் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டே நிர்வாகம் செய்துவந்தன. புதிய விதிகள் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே, காற்றும் மழையுமாக இருந்த வேளையில் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம் சரிந்து, அதை அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். அனுமதியின்றிப் பலகை வைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படும் என்று அரசு அப்போது எச்சரித்தது.

ஆனால் மாநில விதி என்பது உதகைக்கும் இராமேசுவரத்துக்கும் ஒன்றுதான். வைகாசி தொடங்கி ஆடி முடியும் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று இடைவிடாமல் அறையும் ஊர், ஐப்பசி தொட்டு வாடைக் காற்றோடு புயற்சின்னங்களையும் எதிர்பார்த்து நிற்கும் ஊர், இரும்பை உப்புக் காற்று ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டே இருக்கும் ஊர் என்ற வேறுபாடு அந்த விதிக்குத் தெரியாது. அதைத் தெரிந்து நடந்துகொள்ள வேண்டியது அந்தந்த நகர்மன்றம்தான். எந்தெந்தச் சாலைகளில் பலகைக்கு இடமே இல்லை, உரிமத்தோடு என்னென்ன நிபந்தனைகள் சேர்க்கப்பட வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அடித்தளத்தைச் சோதிக்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, மாநில விதியில் மாற்றம் தேவைப்படும் இடங்களில் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப மன்றத்துக்குத் தடை ஏதும் இல்லை. உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை எழுத்து வடிவில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 20 அடிக்கு 10 அடி அளவில் விளம்பரப் பலகை அமைக்க ஒரு நிறுவனம் மாத வாடகை தருவதாகச் சொல்கிறது. உரிமம், வெல்டிங் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்கள். நம்பிக் கையெழுத்துப் போடலாமா? – வாசகர், கீழக்கரை

இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே விடை எழுத விரும்புகிறேன். முதலில் அந்த ஒப்பந்த வரியை எடுத்துக்கொள்வோம். அது உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. பலகை சரிந்து தெருவில் போகும் ஒருவர் மீது விழுந்தால், கட்டட உரிமையாளரான உங்களையும் காவல் துறை விசாரிக்கும். உரிமம் பெறாத பலகை என்றால் இடத்தைக் கொடுத்தவரும் சட்டத்துக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பாதிக்கப்பட்ட குடும்பத்தை அது கட்டுப்படுத்தாது.

அடுத்தது காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 20 அடிக்கு 10 அடிப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 18.6 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று அதன்மீது சுமார் 300 கிலோ எடைக்கு ஒப்பான விசையைச் செலுத்தும். அதே காற்று 120 கிலோமீட்டரை எட்டும்போது அந்த விசை 1,200 கிலோவைத் தாண்டிவிடும். இது எளிய கணக்கு; பலகையின் வடிவத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் கூடும். அந்த விசை பலகையின் நடுவில், மாடித் தளத்திலிருந்து பத்து, பதினைந்து அடி உயரத்தில் செயல்படுவதால், நெம்புகோலைப் போல அடித்தளத்தைப் பெயர்க்கப் பார்க்கும். நம் ஊர்களில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஆங்கிள் இரும்பை மாடியின் கைப்பிடிச் சுவரில் நான்கு போல்ட்டுகளை அடித்து நிறுத்திவிடுகிறார்கள். கைப்பிடிச் சுவர் ஆள் தவறி விழாமல் இருக்கக் கட்டப்பட்ட செங்கல் சுவர். ஒரு டன் இழுவையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. பிளெக்ஸில் பிறை வடிவில் கீறிவிட்டால் காற்று ஊடே போய்விடும் என்று சொல்வார்கள். அந்தக் கீறல்களால் விசை குறைவது சொற்பமே.

ஆகவே, தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதித் தரத்தின்படி உங்கள் கட்டடத்துக்கென்றே கணக்கிட்டுக் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். வேறொரு ஊரில் வேறொரு கட்டடத்துக்குப் போட்ட வரைபடத்தின் நகலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

மூன்றாவது, துரு. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைக் காப்பாற்ற எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் சாயம் பூசிக்கொண்டே இருந்தார்கள் என்பது நம் பகுதி மக்களுக்குத் தெரியும். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனி வகைப் பூச்சும் பயன்படுத்தப்பட்டதற்குக் காரணம் இந்த உப்புக் காற்றுதான். ரயில்வே துறையே இவ்வளவு அஞ்சிக் கட்டிய இடத்தில், ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்த ஆங்கிள் இரும்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் பணியில் இருந்தபோது, கடலோர ஊர் ஒன்றில் பளபளவென்று சாயம் பூசப்பட்டிருந்த பலகைக் கால் ஒன்றைச் சுத்தியலால் தட்டினேன். கான்கிரீட்டிலிருந்து இரும்பு வெளியே வரும் அந்த விளிம்பில், சுத்தியலின் முனை உள்ளே இறங்கிவிட்டது. குழாயின் உட்புறம் முழுவதும் பொடியாகிப் போயிருந்தது. சாயம்தான் அதற்கு உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பலகைக்கு முறையான உரிமம் இருந்தது. உரிமக் கோப்பில் குறையே இல்லை. பலகை நின்ற இடத்துக்குப் பல ஆண்டுகளாக யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. அன்று அதை இறக்கியதும் கீழே தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எனவே கடலோர நகராட்சிகள் உரிமத்தோடு சேர்க்க வேண்டிய முதல் நிபந்தனையாக நான் கருதுவது இதுதான்: இரும்பு முழுவதும் துத்தநாகக் குளியலில் முக்கி எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; ஆண்டுதோறும் கச்சான் தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் பொறியாளர் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்துச் சான்று அளிக்க வேண்டும்; சான்று வராத பலகை இறக்கப்பட வேண்டும். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் நிலையத்தின்மீது சாய்ந்து 17 பேரின் உயிரைக் குடித்த பலகை, 120 அடிக்கு 120 அடி அளவு கொண்டது. மாநகராட்சி அனுமதிக்கும் பெரும அளவு 40 அடிக்கு 40 அடிதான். பலகை அந்த அளவுக்கு வளர்ந்தது எல்லார் கண்முன்னும்தான்.

இத்தனைக்கும் பிறகு வாடகை வேண்டும் என்று நினைத்தால், மூன்றாம் நபர் காப்பீட்டை நிறுவனத்தின் செலவில் எடுக்கச் செய்யுங்கள். என் சொந்த வீடாக இருந்தால் நான் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரும் வழியெங்கும் பலகைகள். ஒன்றைப் பற்றிப் புகார் சொன்னால், அது எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள். யாரிடம்தான் போவது? – வாசகர், தங்கச்சிமடம்

உங்கள் அலைச்சலுக்குக் காரணம் இருக்கிறது. மண்டபம் பேரூராட்சி, பாலம் தாண்டினால் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள், அதற்கப்பால் இராமேசுவரம் நகராட்சி. நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் பொருந்தும். இவற்றினூடே செல்லும் சாலையோ தேசிய நெடுஞ்சாலை. அதன் நில எல்லைக்குள் இருக்கும் ஆக்கிரமிப்புகள் 2002-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும். ஆகவே முதலில் பலகையின் கால் எந்த நிலத்தில் ஊன்றியிருக்கிறது என்று பாருங்கள். சாலை ஓரத்து நெடுஞ்சாலை நிலம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. தனியார் நிலம் என்றால் அந்த உள்ளாட்சி. எல்லை புரியாத இடத்தில், படத்தோடு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே சாலைக்கு ஒரே அளவுகோல் இருக்கும்படி இந்த நான்கு உள்ளாட்சிகளும் கூடிப் பேசி முடிவெடுப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. நகராட்சி மட்டும் விதியை இறுக்கினால், பலகைகள் அடுத்த ஊராட்சி எல்லைக்கு நகர்ந்துவிடும்.

கேள்வி: காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பேனர் வைப்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் பேனருக்கும் அனுமதி வேண்டுமா? – வாசகர், சாயல்குடி

வேண்டும். பொது இடத்தில் வைக்கும் பேனர் ஒரு நாளுக்கானாலும் முன் அனுமதி பெற்று, அனுமதி எண்ணையும் கால அளவையும் அச்சகத்தின் பெயரையும் அதன் அடியிலேயே அச்சிட வேண்டும். அனுமதியைக் காட்டாதவருக்கு அச்சிட்டுத் தராமல் இருக்கும் அச்சக உரிமையாளர்கள் இந்தச் சிக்கலைப் பாதி தீர்த்துவிடுவார்கள். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், திருமணத்துக்காகச் சாலை நடுவில் கட்டப்பட்ட பேனர் சரிந்து விழுந்ததால் நிலைதடுமாறி, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்த இளம்பெண் சுபஸ்ரீயின் முகம் தமிழகத்துக்கு மறந்திருக்காது. அதுவும் ஒரு குடும்ப விழாவுக்கான பேனர்தான்.

நம் கடற்கரைக்கென்று இதில் ஒன்றைச் சேர்க்கலாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் மீனவர்கள் படகுகளை இழுத்துக் கட்டுகிறார்கள். அதே கூண்டைப் பேனருக்கும் விதியாக்கிவிடலாம்: கூண்டு ஏறிய அன்றே, அனுமதிக் காலம் மிச்சமிருந்தாலும், வைத்தவரே இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் நகராட்சியோ பேரூராட்சியோ இறக்கி, செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். இதற்குப் புதிய கருவியோ புதிய அலுவலரோ தேவையில்லை.

இறக்கிய பிளெக்ஸைக் கரையில் போட்டுக் கொளுத்துவதையும் நிறுத்த வேண்டும். அது பி.வி.சி. பூச்சு உள்ள துணி. எரித்தால் நச்சுப் புகை வரும். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்கள் 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. துணிப் பேனரும் சுவரெழுத்தும் நம் ஊர்களில் வெகுகாலம் இருந்தவைதான். எழுதத் தெரிந்த கைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன.

கேள்வி: கடற்கரைச் சாலையில் இரவு முழுவதும் ஒளிரும் எல்.இ.டி. திரைகள் வரத் தொடங்கியுள்ளன. இவற்றுக்கு விதி உண்டா? – ஆசிரியை, மண்டபம்

பலகையின் நீள அகலத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஒளியைப் பற்றி நம் விதிகள் பேசுவதில்லை. ஆனால் உங்கள் ஊருக்கு எதிரே இருப்பது மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்ட அதில் 21 தீவுகள் அடங்கும். தனுஷ்கோடிப் பக்கம் தை, மாசி மாதங்களில், ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. வனத் துறை அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பி நகரும். இருட்டான கரையில் அது சரியாகவே கடலுக்குப் போய்ச் சேரும். கரைப் பக்கம் திரை ஒளிர்ந்தால் சாலையை நோக்கி ஊர்ந்துவிடும். ஆகையால் கடலைப் பார்த்த திரைக்கு அனுமதியே கூடாது. மற்றவையும் தை முதல் வைகாசி வரை இரவு பத்து மணிக்கு மேல் அணைக்கப்பட வேண்டும். இதை நகர்மன்றமும் பேரூராட்சியும் உரிம நிபந்தனையாக்கக் கேட்டு மாணவர்களை வைத்தே நீங்கள் மனு எழுதலாம். நள்ளிரவில் கரை திரும்பும் மீனவருக்கும் அடையாள விளக்கைப் பிரித்தறிய அது உதவும்.

கேள்வி: எங்கள் விடுதிக்கு வடநாட்டு யாத்திரிகர்களே மிகுதி. பெயர்ப்பலகையில் இந்தியைப் பெரிதாக எழுதலாமா? – விடுதி உரிமையாளர், இராமேசுவரம்

பிற மொழியில் எழுதத் தடையில்லை. ஆனால் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் பின்பற்றப்படுகிறது. உங்கள் விடுதியின் பெயரைச் சொல்லும் பலகை வேறு, அதன் ஓரத்தில் ஒரு குளிர்பானத்தின் பெயரைப் போட்டுப் பணம் பெறுவது வேறு, இரண்டாவது விளம்பரம்.

கேள்வி: விளம்பர வரி இப்போது யாருக்குக் கட்டுவது? – வாசகர், இராமநாதபுரம்

உள்ளாட்சி விளம்பர வரி 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீங்கிவிட்டது. அந்த வரியை விதிக்க இடமளித்த மாநிலப் பட்டியலின் 55-ஆம் பதிவு, 101-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. இப்போது நகராட்சி பெறுவது உரிமக் கட்டணம். அதற்குரிய ரசீதில் பலகையின் அளவும் இடமும் உரிமம் முடியும் நாளும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பள்ளிக்கு எதிரே ஒரு பழைய பலகைச் சட்டம் சாய்ந்து நிற்கிறது. பிளெக்ஸ் கிழிந்துபோய் வெறும் இரும்பு மட்டும் இருக்கிறது. ஆபத்து குறைவுதானே? – பெற்றோர், தொண்டி

துணி இல்லாததால் காற்றின் பிடி குறைவு என்பது உண்மை. ஆனால் சாய்ந்திருப்பது, கால் அரித்துவிட்டது என்பதற்கான அடையாளம். அப்படிப்பட்ட சட்டம் காற்றே இல்லாத நாளிலும் விழலாம். நாளைக் காலையே இரு பக்கமிருந்தும் படம் எடுத்து, பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலைத் தலைமை ஆசிரியரிடமும் காவல் நிலையத்திலும் கொடுங்கள். அது இறக்கப்படும் வரை, பிள்ளைகள் பள்ளி வாசலில் அந்தப் பக்கம் நிற்காதபடி ஒரு கயிறு கட்டிவையுங்கள்.