டாக்கரில் ஓடும் செயலியின் லாக்கை நேரடியாக கிளவுட்வாட்சுக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம். (டாக்கர் என்பது செயலியை ‘கன்டெய்னர்’ என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி; லாக் என்பது செயலி ஓடும்போது எழுதிக்கொண்டே போகும் குறிப்பு; கிளவுட்வாட்ச் அந்தக் குறிப்புகளைச் சேமிக்கும் அமேசான் சேவை.) ஆனால் ஒரு அமைப்பை மாற்றிவிட்டு அனுப்புங்கள். உங்களுடையதும் இரண்டு மூன்று பேர் உள்ள டீம், கன்டெய்னரை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கம்போஸ் ஃபைலில், லாக்கை கிளவுட்வாட்சுக்குக் கொண்டுபோகும் ‘ஏடபிள்யூஎஸ்லாக்ஸ்’ டிரைவருக்கு நாலு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். மாலை ஏழு மணிக்கு, கடைகளில் கூட்டம் நிற்கும்போது, சர்வர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. சிபியூவில் வேலையே இல்லை, மெமரி மிச்சம், டேட்டாபேஸ் நன்றாக இருக்கிறது. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தேன். எழும்பவே இல்லை. லாகிங் டிரைவரைத் தொடங்க முடியவில்லை என்ற பிழைச்செய்தியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: சற்று முன்பு, சர்வருக்கு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி குரூப்பில் வெளியே போகும் விதிகளை நான் இறுக்கியிருந்தேன். அதில் லாக் போகும் வழியும் அடைபட்டிருந்தது.

லாக் போகாவிட்டால் பில் ஏன் நிற்க வேண்டும்? டாக்கரின் இயல்புநிலை ‘பிளாக்கிங்’. வெளியே போக வழியில்லாத லாக் தேங்கித் தேங்கி, செயலிக்கும் டாக்கருக்கும் நடுவிலுள்ள பைப் நிரம்பியதும், செயலி அடுத்த வரியை எழுதப் போன இடத்திலேயே காத்துக்கொண்டு நின்றுவிடும். மாத்திரை வாங்க வந்தவர்கள் ஒரு லாக் வரிக்காகக் காத்திருந்தார்கள். இன்றும் எனக்கு அது பொறுக்கவில்லை.

அதனால் கம்போஸ் ஃபைலின் லாக் அமைப்பில் ‘மோட்’ என்பதை ‘நான்-பிளாக்கிங்’ ஆக்குங்கள்; லாக் பஃபரில், அதாவது மெமரியில் ஒதுக்கிய தற்காலிக இடத்தில் காத்திருக்கும், செயலி நிற்காது. அந்த இடத்தின் அளவை, ‘மேக்ஸ்-பஃபர்-சைஸ்’ என்பதை, சொல்லாமல் விட்டால் 1 எம்பிதான். நான் 25 எம்பி வைக்கிறேன். பஃபர் நிரம்பினால் புதிய லாக் தொலையும், உண்மைதான். ஆடிட்டுக்கு என்ன பதில் என்று கேட்க வருபவர்களுக்கு: ஆடிட் பதிவு டேட்டாபேஸில், பரிவர்த்தனையோடு சேர்ந்து எழுதப்பட வேண்டியது. வங்கி மாதிரி இடங்களில் விதி வேறாக இருக்கலாம், அங்கே நான் வேலை பார்த்ததில்லை.

அன்று இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து சரிசெய்தேன். காலையில் பத்தரைக்கு வந்ததற்கு அலுவலகத்தில் அரை நாள் லீவ் பிடித்தார்கள். தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்வர் நின்றால் எழுந்து பார்க்க வாரம் முழுக்க ஒரே ஆள் இரவு போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவதற்கு ஒரு ரூபாய்கூடப் படி கிடையாது. அதைக் கேட்டபோது ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்றார்கள். இப்போதிருக்கும் இடத்தில் இப்படி இல்லை.

இன்னொன்று, கிளவுட்வாட்சில் லாக் சேரும் இடமான லாக் குரூப்பை உருவாக்கியவுடன் ரிடென்ஷனை, அதாவது லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை, 30 நாள் என்று வையுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது எதையும் அழிக்காது, மாதாமாதம் சேமிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.